ஃபேன்டசி நாவலில் ஒரு சாவும் அதற்குப் பின் இருப்பவர்களும்: செட்டிநாட்டு மண்ணில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேன்டசி நாவலில் யாரைச் சாகடிப்பது என்று எழுதுபவர்கள் நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். அந்தச் சாவுக்கு மறுநாள் காலை வீட்டுக் கொத்துச்சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு. பாத்திர வளர்ச்சி முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது. இறந்தவர் பார்த்துவந்த வேலை, வைத்திருந்த பொருள், காத்த ரகசியம், அடைக்காமல் விட்ட கடன் எல்லாம் யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். விழுந்ததைச் சுமக்கும்போதுதான் அந்த ஆள் மாறுகிறார். செட்டிநாட்டுக் கணக்குப் பேச்சில் சொன்னால், இறந்தவர் பெயரில் இருந்த பற்றும் வரவும் அழிவதில்லை, வேறொருவர் பெயரில் ஏறுகிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கற்பனைக் கதையை வைத்துப் போகிறோம். ஊர் மணிவயல். கண்மாய்க்கரை ஐயனார் கோயிலில் வரிசையாக மண்குதிரைகள். மண்குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவி எடுப்புக்கு முன், அவற்றை வனையும் வேளாரிடம் ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண், கொடுப்பது சிவகங்கைச் சீமையில் இன்றும் உள்ள வழக்கம். அதன்மேல் ஒரு மாயத்தை ஏற்றுகிறோம்: பிடிமண் கொடுத்த கைக்கு அந்தக் குதிரை இரவில் உயிர்த்து வரும், ஏறி ஊர் எல்லையைக் காக்கலாம். ஒரு சவாரிக்கு ஒரு நினைவு கூலி. சவாரி போனவர் இறந்தால் விடிவதற்குள் குதிரை உடைந்துவிடும். உடைந்த குதிரையின் ஓட்டுத் துண்டை நெற்றியில் வைப்பவருக்கு, கூலியாகப் போன நினைவுகளில் ஒன்று ஒரே ஒரு முறை கிடைக்கும்.

சவாரி போகிறவர் சிகப்பி அப்பத்தா. அது தெரியாத பேத்தி உமையாள், வயது 16. தெரிந்தும் சொல்லாத வேளார் வீட்டுப் பையன் மருது. அந்த ஓடுகளை விலைக்கு வாங்கிக் குவிக்கும் ஒருவனும் உண்டு. வட்டிக்கடை அடுக்கில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று இருப்பார்கள் அல்லவா, ஊரார் அவனை மேலாள் என்றே அழைக்கிறார்கள்.

படி 1: இருக்கப்போகிறவர்களுக்குக் கணக்கு எழுதுங்கள்

சாவுக் காட்சியில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் ஒரு நீளத்தாளை எடுத்து நான்கு பத்தியாகப் பிரியுங்கள். உயிரோடு இருக்கப்போகும் முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. முதல் பத்தியில், இறந்தவரை இவர் எதற்காக நம்பியிருந்தார். இரண்டாவதில், இறந்தவரைப் பற்றியோ தன்னைப் பற்றியோ எதைத் தப்பாக நினைத்திருந்தார். மூன்றாவதில், சாவுக்குப் பின் இவர் தலையில் விழும் வேலை அல்லது பொருள். நான்காவதில், இருவருக்கும் நடுவில் முடியாமல் நின்ற பேச்சு.

உமையாள் வரிசையை நிரப்பிப் பார்ப்போம். நம்பியிருந்தது: எந்த அறையில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு சீர்முறை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அப்பத்தா பார்த்துக்கொள்வார். தப்பாக நினைத்தது: அப்பத்தாவுக்கு வயோதிக மறதி வந்துவிட்டது, தன்மேல் பாசமும் போய்விட்டது. தலையில் விழுவது: பதினொரு சாவி உள்ள கொத்து. பத்துக்கு அறை தெரியும், பதினொன்றாவது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. முடியாத பேச்சு: தன்னை வேறு பெயரால் கூப்பிட்ட அப்பத்தாவிடம், "என் பேருகூடத் தெரியலையா அப்பத்தா உங்களுக்கு?" என்று வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) நாலு பேர் முன்னால் கத்திவிட்டு எழுந்து போனது.

மருதுவுக்கு இந்த வரிசையே வேறு. குதிரையை வனைந்தவர் அவன் அப்பா. ஒவ்வொரு சவாரிக்கும் கிழவி எதையோ இழக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். "ஆச்சி, உங்க அப்பத்தாவுக்கு மறதி இல்ல" என்ற ஒரு வாக்கியத்தை உமையாளிடம் சொல்லாமல் இரண்டு வருடம் வைத்திருந்தான். அவன் தலையில் விழுவது பொருள் அல்ல, அந்த வாக்கியம்.

எதிராளிக்கும் கட்டாயம் ஒரு வரிசை போடுங்கள். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் நாயகன் பக்கம் மட்டும் துக்கம் நடந்து, வில்லன் பொம்மைபோல் நிற்கிறான். மேலாள் பயந்தது சிகப்பி ஒருத்திக்குத்தான். அவள் போனபின் அவனுக்குத் தடை இல்லை, ஆனால் தன்னை அடையாளம் தெரிந்த கடைசி ஆளும் இல்லை.

ஒருவர் வரிசையில் இரண்டு பத்திக்கு மேல் காலியாக இருந்தால் இந்தச் சாவு அவரை அசைக்காது. எல்லோருக்கும் மூன்றாவது பத்தி காலி என்றால் சாக வேண்டிய ஆளையே தப்பாகத் தேர்ந்திருக்கிறீர்கள். தாளை மடித்துவிட்டு வேறு ஆளை யோசியுங்கள்.

படி 2: உங்கள் உலகத்தில் சாவுக்கு என்ன சட்டம்?

சமூக நாவலில் ஒருவர் இறந்தால் வாசகர் உடனே நம்புகிறார். ஃபேன்டசியில் அப்படி இல்லை. மந்திரம் உள்ள உலகம், ஆகவே ஆள் திரும்பி வரலாம் என்று வாசகர் மனசு ஒரு ஓரத்தில் காத்திருக்கும். காத்திருக்கிறவரால் அழ முடியாது. கூடவே, வாசகர் நம்பாத இழப்பால் பாத்திரம் மாறினால் அந்த மாற்றமும் நாடகமாகத் தெரியும்.

மூன்று கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இறந்தவர் எங்கே போகிறார்? அவரோடு பேச முடியுமா? திரும்ப முடியுமானால் யார், எதைக் கொடுக்க வேண்டும்? பதில்களை விளக்கமாக எழுதாமல் இரண்டு சம்பவமாகக் காட்டுங்கள்: ஒன்று லேசாக, ஒன்று வலிக்கும்படி. 80,000 சொல் நாவல் என்றால் இரண்டும் முதல் 20,000 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும்.

மணிவயல் கதையில் முதல் சம்பவம்: சிறுமி உமையாள் கோயிலுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கும் பழைய குதிரை ஓடுகளை வைத்து விளையாடுகிறாள். மருதுவின் அம்மா ஓடிவந்து அவள் கையிலிருந்து ஒன்றைத் தட்டிவிடுகிறாள், காரணம் சொல்லவில்லை. இரண்டாவது: பக்கத்துத் தெருவில் ஒருவர் இறக்கிறார், மகன் ஓட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான், பிறகு திரும்பத் திரும்ப அதே ஓட்டை அழுத்துகிறான், நெற்றியில் ரத்தம் வருகிறது, எதுவும் வரவில்லை. "ஒரே ஒரு முறை" என்ற சட்டத்தை எந்த விளக்கமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது.

மறுவுலகத்தை வெளிநாட்டு நாவல்களிலிருந்து எடுத்து வராதீர்கள். செட்டிநாட்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் முன்னோருக்குப் படைப்பு போடுகிறார்கள். புதுத்துணி வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் கூடிச் சாப்பிடுகிறார்கள். இறந்தவர் அந்தக் குடும்பத்தின் எண்ணிக்கையை விட்டுப் போகவில்லை என்ற உணர்வு அதில் இருக்கிறது. அந்த உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட வீட்டுப் படைப்பின் முறையை அப்படியே மந்திரச் சடங்காக மாற்றுவதை மட்டும் தவிருங்கள், அது ஒரு குடும்பத்தின் வழிபாடு.

படி 3: ஆளைத் தேர்வது

வழிகாட்டும் முதியவர் இறப்பது அடித்துத் துவைத்த உத்தி என்பார்கள். முதியவருக்குச் சொந்தமாக ஓர் ஆசை இருந்தால் அது இன்னும் வேலை செய்யும். சிகப்பி அப்பத்தாவுக்கு ஊரைக் காப்பதைவிட, காரைக்குடிக்குப் போய் ஒரு சினிமா பார்க்க வேண்டும் என்பது பெரிய ஆசை. அது நிறைவேறாமலே போகிறது. வாசகர் அழுவது அந்த சினிமாவுக்காகத்தான்.

சாகும் ஆளுக்கு முன்னதாகக் குறைந்தது மூன்று காட்சி கொடுங்கள். ஒன்றில் அவர் எதையாவது விரும்ப வேண்டும், ஒன்றில் தப்பு செய்ய வேண்டும், ஒன்றில் யாருக்காவது வாக்குக் கொடுக்க வேண்டும். நல்லவராகவே மூன்று காட்சியிலும் வந்தால் வாசகர் நாலாவது காட்சியில் மாலையோடு தயாராக நிற்பார்.

இரண்டு தேர்வுகளைக் கடுமையாகச் சோதியுங்கள். ஓர் ஆணுக்குக் கோபம் வருவதற்காக மட்டும் ஒரு பெண்ணைச் சாகடிப்பது ஒன்று. அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு "புதையல் திருட்டுப் போனது" என்று எழுதினாலும் ஆண் அதே கோபத்தோடு அதே பாதையில் போகிறான் என்றால், அங்கே ஆள் இறக்கவில்லை, பொருள்தான் தொலைந்திருக்கிறது. செட்டிநாட்டுக் களத்தில் இன்னொன்றும் சேரும்: பெரிய வீட்டுப் பிள்ளை மனம் திருந்த, அந்த வீட்டில் வேலை செய்கிறவரோ குடிசைக்காரரோ உயிர் விடுவது. மருதுவைக் கொன்று உமையாளை வளர்க்கலாம் என்ற யோசனை முதல் வரைவில் யாருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள். யாருடைய உயிர் யாருடைய பாடத்துக்குச் செலவாகிறது என்பதை வாசகர் கணக்குப் பார்க்கிறார், பார்க்கவும் வேண்டும்.

படி 4: ஒரு பொருள், ஒரு வேலை

சாவு நேரத்தில் ஒரு பொருள் கைமாறட்டும், அந்தப் பொருளோடு ஒரு வேலையும் ஒட்டியிருக்கட்டும். இதற்குக் கம்பனைவிட நல்ல பாடம் இல்லை. சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து வாலி வதத்தின் நியாயம் இந்தப் பக்கத்து மேடைகளில் ஓயாமல் பேசப்படுகிறது. நியாயத்தை விடுங்கள், கட்டுமானத்தைப் பாருங்கள். வாலி சாகும்போது மகன் அங்கதனை இராமனிடம் ஒப்படைக்கிறான். இராமன் தன் பொன் உடைவாளை நீட்டி, இதைப் பொறுத்துக்கொள் என்கிறான். தந்தையைக் கொன்றவன் கையிலிருந்து வாள் வாங்கும் பிள்ளை! அந்த நொடியில் அங்கதன் வாயில் பெரிய வசனம் இல்லை. அவன் என்ன ஆனான் என்பது பின்னால், இராவணன் சபைக்குத் தனியாகத் தூது போகும்போது தெரிகிறது. பொருள் முன்னே வருகிறது, மாற்றம் பல படலம் தள்ளி வருகிறது. நடுவில் உள்ள தூரம்தான் வளர்ச்சி.

கதையில் கைமாறுவது கொத்துச்சாவி. ஒட்டியிருக்கும் வேலை பதினொன்றாவது சாவியின் பூட்டைக் கண்டுபிடிப்பது. பொருள் மூன்று முறையாவது திரும்ப வர வேண்டும்: வாங்கும்போது பாரமாக, நடுவில் தப்பாகப் பயன்பட்டு, கடைசியில் வாங்கியவருக்கே உரியதாக. பாரம்பரிய வாள், மோதிரம் என்று போகாமல் அன்றாடம் கையில் புரளும் பொருளாக எடுங்கள். இடுப்பில் சொருகிய சாவி நடக்கும்போதெல்லாம் சத்தம் போடும். அப்பத்தா வருவதை அந்தச் சத்தத்தால்தான் வீடு அறிந்தது. இனி உமையாள் நடந்தால் அதே சத்தம். முதல் நாள் இரண்டாம் கட்டில் இருந்த சமையல்காரி அதைக் கேட்டுத் திடுக்கிட்டு நிமிர்கிறாள். ஒரு வரிதான், ஆனால் ஒரு பக்கப் புலம்பல் செய்யாததை அது செய்யும்.

படி 5: நாவலில் எந்த இடம்

கால்பங்கில் வரும் சாவு ஆளை வீட்டைவிட்டுக் கிளப்பும். பாதியில் வருவது, அதுவரை பிடித்திருந்த நம்பிக்கையை உடைக்கும். முக்கால்பங்கில் வருவது தனியாக நிற்க வைக்கும். கடைசி அத்தியாயத்தில் வரும் சாவால் பாத்திரம் வளர இடமே இல்லை. அது முடிவுக்கு எடை கூட்டும், அவ்வளவுதான். முதல் பத்து சதவீதத்துக்குள் கொன்றால் வாசகருக்கு ஆளைத் தெரியாது. அப்போது துக்கத்தை நேரடியாகக் கேட்காமல், இறந்தவரைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் கதையில் சிகப்பி 30 சதவீதத்தில் இறந்தாலும், ஓடுகள் வழியாக அவளை நாவல் முடியும்வரை வாசகர் தெரிந்துகொண்டே போகிறார்.

படி 6: சாவுக் காட்சி

அளவு 1,200 முதல் 1,500 சொல். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் எழுதுபவர் அழுதுகொண்டிருக்கிறார், வாசகர் அல்ல. காட்சிக்கு முந்தைய பக்கம் சாதாரண வேலையில் இருக்கட்டும், நெல் அளப்பதோ, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைப்பதோ. கடைசி வசனத்தைக் குறைக்கவும். சாகிறவர் ரகசியம், ஆசீர்வாதம், வில்லன் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டுக் கண் மூடினால், இருப்பவர் தேட ஒன்றும் மிச்சம் இருக்காது. தேடல் இல்லாதவர் வளரமாட்டார்.

எப்படி எழுதலாம் என்பதற்குச் சிறு துண்டு:

"முகப்புத் திண்ணையில் அப்பத்தா சாய்ந்திருந்தார். காலில் கண்மாய்ச் சேறு முழங்கால்வரை. இந்த வயதில் ராத்திரி எங்கே போனார்? உமையாள் சொம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாள். அப்பத்தா குடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார், வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல, மரியாதையோடு. 'நீ யாரு வீட்டுப் பிள்ளை ஆத்தா? நல்லா இருக்கே' என்றார். உமையாளுக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லவில்லை. தண்ணீர் சேலையில் வழிந்தபோதுதான் அவர் குடிப்பதற்கு இல்லை என்று தெரிந்தது. எங்கோ கண்மாய்க்கரைப் பக்கம் பானை உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது."

இங்கே இறந்தவர் ஒரு ரகசியமும் சொல்லவில்லை. இருப்பவள் ஒரு தப்பு செய்கிறாள்: பதில் சொல்லவில்லை. அந்தச் சின்னத் தப்பு மீதி நாவலை ஓட்டும். உடைந்த சத்தத்தின் பொருள் வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சாவுக் காட்சியில் வாசகர் ஓரடி முன்னால் நிற்பது நல்லது.

போர்க்களச் சாவுக்கும் இதே விதி. ஆயிரம் பேர் விழும் இடத்தில் ஒரு கையையோ ஒரு செருப்பையோ மட்டும் காட்டுங்கள்.

படி 7: மூன்றாம் நாள், பதினாறாம் நாள், ஒரு வருடம்

கையெழுத்துப் பிரதிகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சாவுக்கு அடுத்த அத்தியாயத்திலேயே நாயகி வாளெடுத்துச் சபதம் செய்துவிடுகிறாள். துக்கம் ஒரு பத்தியில் தீர்ந்துவிடுகிறது. அல்லது மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படி போட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறார்கள். அந்த ஐந்தையும் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் முன்வைத்தார். தம் சாவையே எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிக் கண்டவை அவை. பிறரை இழந்தவர்கள் வரிசையாக ஏறும் ஏணி அல்ல. எழுதுபவருக்கு இன்னும் உதவுவது 1999-ல் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் சொன்னது: துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வைச் சீர்செய்யும் பக்கமும் மாறி மாறி ஊசலாடுகிறார்.

இதை நம் கேத வீடுகளில் யாரும் பார்க்கலாம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "வந்தவங்களுக்குக் காப்பி போயிருச்சா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுவார். அது பொய் அழுகை அல்ல. இரண்டும் உண்மை. பாத்திரத்தை அப்படி எழுதுங்கள்.

நம் சடங்குகளே நல்ல கால அட்டவணை. நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி என்று முதல் நாள் முழுக்கக் கைக்கு வேலை இருக்கும், மனசுக்கு நேரம் இருக்காது. ஆகவே முதல் நாளில் பாத்திரத்தை மாற்றாதீர்கள், வேலை வாங்குங்கள். மூன்றாம் நாளில் கூட்டம் குறைந்ததும் இறந்தவரின் பழைய பழக்கத்தைக் காப்பியடிக்கட்டும். உமையாள் அப்பத்தாபோலவே விடியுமுன் எழுந்து எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்க்கிறாள். பதினாறாம் நாள் கருமாதிக்குள் தப்பான மாற்றம் ஒன்று வர வேண்டும். அவள் மருதுவின்மேல் பழி போட்டு, பேச்சை நிறுத்தி, ஓடுகளை மேலாளுக்கே விற்கத் துணிகிறாள். இந்தத் தப்பான மாற்றத்தைத் தவிர்த்துவிட்டு நேரே நல்ல மாற்றத்துக்குப் போனால் அது வளர்ச்சியாக இருக்காது, உபதேசமாக இருக்கும்.

துக்க வீட்டில் அந்த வருடம் தீபாவளி, பொங்கல் கொண்டாடுவதில்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம் கேட்க, ஒரு வீடு மட்டும் இருட்டாக இருக்கும் இரவு எழுத்தாளருக்குக் கிடைத்த பெரிய வரம். முதல் ஓட்டை உமையாள் அன்றுதான் நெற்றியில் வைக்கிறாள். வருகிற நினைவு: பிரசவ அறை, ஈரத்துணி வாடை, யாரோ ஒரு சிசுவைக் கையில் கொடுக்கிறார்கள், "உமையாள்னு வைக்கலாம்" என்கிறது அப்பத்தாவின் குரல். அப்பத்தா ஊர்க்காவலுக்குக் கூலியாகக் கொடுத்தது பேத்தி பிறந்த நாளை. பெயர் மறந்ததற்குக் காரணம் அதுதான். இதற்குமேல் அவளுக்கு ஓர் அறிவுரையும் தேவையில்லை. தலைத்திவசத்துக்குள் அவள் தானே ஒரு பிடிமண்ணை எடுத்துக்கொண்டு வேளார் வீட்டு வாசலில் நிற்பாள். அது காப்பியடித்தல் அல்ல, விலை தெரிந்து எடுத்த முடிவு.

அளவு சொன்னால்: சாவுக் காட்சி 1,500 சொல் என்றால் அதன் பின்விளைவு குறைந்தது 4,500 சொல் இருக்கட்டும். அதையும் ஒரே இடத்தில் கொட்டாமல் ஆறேழு அத்தியாயங்களில் பிரித்து வையுங்கள்.

படி 8: ஒரே சாவு, வேறு வேறு ஆட்கள்

எல்லோரும் ஒரே மாதிரி அழுதால் அது ஒரே பாத்திரம் பல பெயரில் நடப்பது. ஒருவர் சமைக்கிறார், ஒருவர் சொத்துப் பேசுகிறார், ஒருவர் ஊரைவிட்டே போகிறார். முக்கியமானது, மீந்தவர்களுக்குள் உறவு மாறுவது. இறந்தவர் இருவரைச் சேர்த்துப் பிடித்திருந்த முடிச்சாக இருந்தால் அவர் போனதும் அந்த இருவரும் புதிதாகப் பழக வேண்டும்.

சமூகம் மீந்தவரை எப்படி எண்ணுகிறது என்பதையும் சேருங்கள். நகரத்தார் வழக்கில் திருமணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஒரு சாவு நடந்த மறுகணம் இருப்பவரின் எண்ணே மாறிவிடுகிறது. உங்கள் கற்பனை உலகில் இதற்கு இணையான ஒன்று இருக்கிறதா? குதிரை இழந்த வீட்டுக்கு ஊர்க்கூட்டத்தில் எந்த இடம்? சிகப்பியின் கணவர் அய்யா, பேச்சுக் குறைந்த மனிதர், அன்றுவரை முன்வரிசையில் உட்கார்ந்தவர், கருமாதிக்குப் பின் நடந்த கூட்டத்தில் யாரும் சொல்லாமலே தூணருகே போய் உட்காருகிறார். இந்த ஒரு அசைவுக்காக அவருக்குத் தனி அத்தியாயம் கொடுத்தாலும் தகும்.

படி 9: திரும்பி வருவதும், உடல் கிடைக்காததும்

இறந்தவரைத் திரும்பக் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் ஒரே நிபந்தனை: அவர் வருவதற்குள் இருப்பவர் மாறி முடித்திருக்க வேண்டும், வந்தவரால் அந்த மாற்றம் அழியக் கூடாது. உமையாள் வீட்டை நடத்தப் பழகியபின் அப்பத்தா வாசலில் வந்து நின்று கையை நீட்டினால், சாவியைக் கொடுப்பாளா? அந்தத் தயக்கம் இல்லையென்றால் திரும்பி வருவதை எடுத்துவிடுங்கள். விலையை வேறு யாராவது கட்டியிருக்கவும் வேண்டும். இலவசமாகத் திரும்பும் உயிர், முன்னால் நடந்த எல்லாச் சாவையும் பொய்யாக்கிவிடும். அடுத்த சாவுக்கு வாசகர் கண்கூட இமைக்கமாட்டார்.

கண்முன் நடக்காத சாவு வேறு வகை. கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் தொழில் நடத்த, போன ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வருடக்கணக்கில் இருந்த ஊர் இது. மூலையில் கறுப்பு தடவிய கடிதம் வரும்வரை வீட்டுக்குத் தெரியாது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பல்லாயிரம் இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். உடலும் இல்லை, உறுதியான சேதியும் இல்லை. அப்படிப்பட்ட சாவில் இருப்பவரை மாற்றுவது துக்கம் அல்ல, நம்பிக்கை. தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடிப்பது, வந்துவிடுவார் என்று ஓர் அறையைப் பூட்டியே வைப்பது என்று அது வேலை செய்யும். உங்கள் ஃபேன்டசியில் கடலுக்கு அப்பால் போன படை திரும்பவில்லை என்றால் இந்த நோயை எழுதுங்கள். அந்த நம்பிக்கையை எந்த நாளில் யார் கைவிடுகிறார் என்பதுதான் அங்கே சாவுக் காட்சி.

படி 10: திருத்தும்போது

முதல் சோதனை வெட்டுச் சோதனை. சாவு நடந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அந்த ஆள் வெளியூர் போய்விட்டதாக வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். எத்தனை அத்தியாயம் ஒரு சொல் மாறாமல் அப்படியே ஓடுகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் ஓடினால் அந்தச் சாவு அலங்காரம். படி 1 தாளின் மூன்றாவது பத்திக்குத் திரும்பிப் போய் வேலையைக் கூட்டுங்கள்.

அடுத்து, சாவுக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிச் சூழ்நிலை ஒன்றை வையுங்கள். முன்னால் அப்பத்தா தன் பெயரைத் தப்பாகச் சொன்னபோது உமையாள் கத்தினாள். பின்னால் ஒரு பரதேசிக் கிழவர் அவளை வேறு பெயரால் கூப்பிடும்போது என்ன செய்கிறாள்? "ஆமாங்க, சொல்லுங்க" என்கிறாள். மாறிவிட்டாள் என்று எழுதத் தேவையில்லை. இந்த இணை இல்லாத நாவலில்தான் "அவள் முன்புபோல் இல்லை" என்ற வரி வரும். அந்த வரியைத் தேடிப்பிடித்து அடித்துவிடுங்கள்.

கடைசியாக, வண்ணப் பென்சிலால் இறந்தவரின் பெயர் வரும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடுங்கள். சாவுக்குப் பின் முதல் மூன்று அத்தியாயத்தில் பத்துப் பன்னிரண்டு வட்டம், பிறகு ஒன்றுமே இல்லை என்றால் இருப்பவர்கள் மறந்துவிட்டார்கள், அதாவது நீங்கள் மறந்துவிட்டீர்கள். எல்லா அத்தியாயத்திலும் சீராக வந்தால் அதுவும் பொய். வட்டங்கள் குறைந்துகொண்டே வந்து, எதிர்பாராத ஓர் இடத்தில், சந்தையில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்க்கும்போதோ பஸ்ஸில் சில்லறை எண்ணும்போதோ, திடீரென்று ஒரு வட்டம் விழ வேண்டும். நாவலின் கடைசி 10,000 சொல்லுக்குள் அப்படி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பதினொன்றாவது சாவி திறக்கும் அறையில் காரைக்குடிக் கொட்டகையின் பழைய சினிமா நோட்டீஸ் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம்.